நாய் ஷோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையோ கோவையோ ஊட்டியோ, ஷோ மைதானத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ரிங்குக்கு, அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் வளையத்துக்கு, கூப்பிடும் அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. ஆர்வமாகக் கேட்டவர்களை அப்படி அனுப்ப மனமில்லை. அதனால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

நாய் கண்காட்சின்னா அழகுப் போட்டிதானே?

பார்க்க அப்படித் தெரியும், ஆனால் அது இல்லை. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த வரையறை உண்டு. ஷோக்காரர்கள் அதை ஸ்டாண்டர்ட் என்பார்கள். உயரம், தலையின் அமைப்பு, பல் வரிசை, தோளின் சாய்வு, வால், நிறம், நடை, குணம் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் நாய் அந்த வரையறைக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று ஒரு நடுவர் பார்த்துச் சொல்வதுதான் ஷோ. அடுத்த தலைமுறைக் குட்டிகளை எந்த நாய்களிடமிருந்து எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காகத் தொடங்கிய வழக்கம் இது.

1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில், பாயின்டர், செட்டர் என்ற வேட்டை நாய்களுக்கு மட்டும் நடந்ததைத்தான் முதல் முறையான ஷோ என்கிறார்கள். நம் நாட்டில் பதிவும் விதிகளும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் கையில் இருக்கின்றன. எல்லோரும் சுருக்கமாகக் கேசிஐ என்பார்கள். தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஷோக்களை நடத்துவது அதோடு இணைந்த ஊர் கிளப்புகள். சென்னையில் மெட்ராஸ் கேனைன் கிளப், ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கும்.

முதல்ல நாய் வாங்கணுமா, ஷோ பாக்கணுமா?

ஷோ பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நாயில்லாமல் ஒரு முழு நாள் ரிங் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய இன்பங்களில் ஒன்று. பல வருடம் நாய் காட்டியவர்கள்கூடத் தங்கள் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சமவெளியில் ஷோ நடப்பது பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களில், அதாவது மழைக்காலத்தில் தொடங்கி மாசி வரைக்கும். ஊட்டி ஷோ மட்டும் மே மாதம் கோடை சீசனில் நடக்கும். மலை குளிரில் பஞ்சுபோன்ற முடி உள்ள நாய்களும் சிரமமில்லாமல் நிற்பதால் பல இனங்களை ஒரே இடத்தில் பார்க்க அது நல்ல வாய்ப்பு. போனதும் எல்லா ரிங்கையும் சுற்றி வராதீர்கள். ஒரே ஒரு இனத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இனத்தில் வருகிற எல்லா நாய்களையும் பாருங்கள். யாருக்கு முதலிடம் கிடைக்கும் என்று மனசுக்குள் நீங்களும் ஒரு தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள். முதலில் எல்லா லாப்ரடாரும் ஒன்றுபோலத் தெரியும். மதியத்துக்குள் ஒன்றின் தலை கனமாகவும் இன்னொன்றின் முதுகு தொய்வாகவும் தெரிய ஆரம்பித்துவிடும். அந்தக் கண் திறக்கிற நேரத்தில் கிடைக்கிற சந்தோஷத்துக்காகத்தான் நான் எல்லோரையும் முதலில் பார்வையாளராக வரச் சொல்கிறேன்.

பேப்பர் இருக்கா, பேப்பர் இருக்கான்னு கேக்கறாங்களே, அது என்ன பேப்பர்?

கேசிஐ கொடுக்கும் பதிவுச் சான்றிதழ். நாயின் பெயர், பிறந்த தேதி, நிறம், தாய் தகப்பன், அதற்கு முந்தைய தலைமுறைகள், வளர்த்து விற்றவர், இப்போதைய உரிமையாளர் என எல்லாம் அதில் இருக்கும். கூடவே மைக்ரோசிப் எண். அரிசி மணி அளவுள்ள சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். வழக்கமான ஊசியைவிடச் சற்று வலிக்கும், அவ்வளவுதான். அதைப் படிக்கும் கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். பேப்பரில் உள்ள நாயும் ரிங்கில் நிற்கிற நாயும் ஒன்றா என்று சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

குட்டி வாங்கும்போதே பேப்பர் கையில் வர வேண்டும், அல்லது விண்ணப்பித்த ரசீதாவது வர வேண்டும். "அப்புறம் அனுப்பறேன்" என்ற வாக்குறுதியை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். பேப்பரில் உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றுவதையும் மறந்துவிடாதீர்கள். ஷோ நுழைவுப் படிவத்தில் அந்தப் பெயரும் பதிவு எண்ணும்தான் கேட்பார்கள்.

எங்க நாய் தெருவுல எடுத்து வளர்த்தது. ரொம்ப அழகா இருக்கும். கலந்துக்கலாமா?

கேசிஐ விதிப்படி நடக்கும் இனப் போட்டியில் முடியாது. முதல் பதிலில் சொன்னதுபோல அங்கே ஒப்பிடுவது ஒரு இனத்தின் வரையறையோடு. எழுதிவைத்த வரையறை இல்லாத நாயை எதோடு ஒப்பிடுவது? இது உங்கள் நாயைப் பற்றிய குறைச்சொல் அல்ல.

கோடை விழாக்களிலும் பள்ளி, குடியிருப்பு நிகழ்ச்சிகளிலும் நடக்கிற செல்லப் பிராணிக் காட்சிகளில் விதிகள் வேறாக இருக்கும், அங்கே விசாரியுங்கள். தெருவில் எடுத்த நாயிடம் கூர்மையான புத்தி உண்டு. உட்கார், இரு, வா என்று பழக்கினால் அதைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளும் நாய் குறைவு. அந்த வகைப் பயிற்சிக்கு அதைக் கூட்டிப் போனால் இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

புதுசா வாங்கறதுன்னா எந்த ஜாதி நாய் வாங்கலாம்? நம்ம ஊரு நாய்க்கெல்லாம் ஷோல மதிப்பு இருக்கா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது என் மனசுக்கு நெருக்கமான விஷயம். இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் மண்ணின் நாய்கள் இவை, முதல் மூன்றும் ஊர்களின் பெயரோடு வாழ்கிறவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர்ப் பக்கம், கோம்பை தேனி மாவட்டம். 2005ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமாலய ஷீப்டாக், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயரைச் சொன்ன பிறகு விசாரிப்பவர்கள் கூடினார்கள். விசாரிப்பவர்கள் கூடும்போது போலிகளும் கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஷோ ரிங் இந்த இனங்களுக்குச் செய்கிற நன்மை பெரிது. ஒரு ஊரில் நாலு வீட்டில் மட்டும் இருக்கிற நல்ல நாய்கள் ஒரே மைதானத்தில் ஒன்றுகூடுகின்றன. எது சரியான தலை, எது சரியான கால், எங்கே கிரேஹவுண்ட் கலந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கறுப்பு உடலில் பழுப்புப் புள்ளி கொண்ட கன்னியையும், செவலையாகவோ சாம்பலாகவோ ஒரே நிறத்தில் இருக்கும் சிப்பிப்பாறையையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால், நம் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்களின் உடம்பு எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று புரியும். பராமரிப்பும் சுலபம். குட்டை முடி, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஆனால் ஓட இடம் வேண்டும், அந்நியர்களிடம் சட்டென்று பழகாது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் பூட்டிவைக்க ஏற்ற நாய் அல்ல.

மற்றபடி எந்த இனம் என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. ஷோ ஒரு வருடத்தில் சில நாட்கள்தான். மீதி நாளெல்லாம் அது உங்கள் வீட்டு நாய். ஹஸ்கியை விரும்புகிறவர்கள் ஏசி இல்லாத வீட்டில் சித்திரை மாதத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குட்டியா இருக்கும்போதே இது ஷோ குட்டின்னு சொல்லிக் கொடுக்கறாங்களே, நிஜமா தெரியுமா?

நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லலாம், உறுதி சொல்ல முடியாது. பால்பல் விழுந்து புதுப் பல் வரும்போது மேல்தாடை கீழ்த்தாடைப் பொருத்தம் மாறலாம். கடுவன் குட்டிக்கு இரண்டு விதைகளும் இறங்காமல் போகலாம். உயரம் வரம்பைத் தாண்டலாம். அதனால் குட்டியைவிடத் தாய் தகப்பனைப் பாருங்கள், முடிந்தால் அதே ஜோடியின் முந்தைய ஈற்றுக் குட்டிகளையும் பாருங்கள். தாயை நேரில் காட்ட மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன.

ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வரலாம். குட்டி மற்ற குட்டிகளோடு விளையாடாமல் தனியாக இருக்கும்போது, அது உங்களைப் பார்க்காத பக்கத்திலிருந்து கை தட்டிப் பாருங்கள். கூட்டத்தில் தட்டினால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

நடுவர் அரை நிமிஷம் தடவிப் பாக்கறார், ஓடச் சொல்றார், முடிச்சுடறார். என்னத்தை வெச்சு முடிவு பண்றார்?

முதலில் தூரத்தில் நின்று மொத்த வடிவத்தைப் பார்ப்பார். பிறகு கையால். முடி அடர்ந்த நாயில் கண் ஏமாறும், கை ஏமாறாது. தோள் எலும்பு எந்தச் சாய்வில் கிடக்கிறது, நெஞ்சு எவ்வளவு இறங்கியிருக்கிறது, தொடைச் சதை எப்படி என்று விரல்கள் சொல்லிவிடும். பல்லைப் பார்ப்பார். கடுவனென்றால் விதைகளைத் தொட்டுப் பார்ப்பார். டாய் பூடில், பொமரேனியன் போன்ற சின்ன இனங்களை மேஜைமேல் நிறுத்திப் பார்ப்பார்கள்.

அதன் பிறகு நடை, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நாய் விலகிப் போகும்போது பின்னங்கால்கள், திரும்பி வரும்போது முன்னங்கால்கள், வட்டமாகப் போகும்போது பக்கவாட்டுத் தோற்றம். எலும்பு அமைப்பு சரியாக இருந்தால்தான் நடை சரியாக இருக்கும், அதனால் நின்றபோது மறைத்த குறை ஓடும்போது வெளியே வந்துவிடும். முழங்கை வெளியே தள்ளுவது, பின்னங்கால் முட்டிகள் உள்பக்கம் உரசுவது இதெல்லாம் இரண்டு சுற்றில் தெரியும். ஆயிரக்கணக்கான நாய்களைத் தொட்ட கைக்கு அரை நிமிடம் போதும்.

வாயைத் தொறந்து பல்லைப் பாக்கறாரே, எங்க நாய் கடிச்சுடும் போலிருக்கே?

கடிக்க முயன்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மூர்க்கமும் அளவுக்கு மீறிய பயமும் எல்லா இனத்திலுமே தகுதி நீக்கும் குறைகள். கென்னல் கிளப்புகளின் உலக அமைப்பான எஃப்சிஐ வெளியிடும் வரையறைகளின் கடைசிப் பகுதியில் இது இருக்கும்.

பழக்கம் வீட்டில்தான் தொடங்க வேண்டும். குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே தினமும் ஒரு தடவை உதட்டை மட்டும் மெல்லத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், உடனே ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுங்கள். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. காது, பாதம், வால் எல்லாவற்றையும் இப்படியே தொடுங்கள். பிறகு வீட்டுக்கு வருகிற மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று வெவ்வேறு ஆட்களைத் தொடச் சொல்லுங்கள். தொப்பி போட்டவர், கண்ணாடி போட்டவர், புடவை கட்டியவர், உயரமானவர் என்று எவ்வளவு விதமான ஆட்களைப் பார்க்கிறதோ அவ்வளவு நல்லது.

சிசிங்கறாங்க, பிஓபிங்கறாங்க, பிஐஎஸ்ங்கறாங்க. ஒண்ணும் புரியல.

கீழிருந்து மேலே வருவோம். ஒரு இனத்தில் கடுவன் தனி, பெட்டை தனி. அதற்குள் வயதுப்படி குட்டி, ஜூனியர், இன்டர்மீடியட் என்ற வகுப்புகள். இந்தியாவில் பிறந்தவற்றுக்கு பிரெட் இன் இந்தியா, யாரும் நுழையக்கூடிய ஓபன், ஏற்கெனவே பட்டம் வாங்கியவற்றுக்கு சாம்பியன் வகுப்பு. வயது வரம்பு அந்தந்த ஷோவின் அறிவிப்பில் இருக்கும், ஷோ தேதியை வைத்துக் கணக்கிடுங்கள். வகுப்பில் முதலில் வந்தவை மறுபடி மோதும். அதில் சிறந்த கடுவனுக்கும் சிறந்த பெட்டைக்கும் கிடைப்பது சேலஞ்ச் சர்டிபிகேட், அதுதான் சிசி. முதலிடம் கிடைத்தாலே சிசி கிடைத்துவிடாது. தகுதி இல்லை என்று நினைத்தால் நடுவர் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம். வெவ்வேறு நடுவர்களிடம் போதிய சிசி சேர்ந்தால் நாய் சாம்பியன். ஒரே நடுவருக்குப் பிடித்திருந்தால் மட்டும் போதாது என்பது இந்த விதியின் நல்ல அம்சம்.

அந்த இரண்டில் ஒன்று அந்த இனத்தின் சிறந்த நாய், பெஸ்ட் ஆஃப் பிரீட், அதுதான் பிஓபி. எஃப்சிஐ முறையில் இனங்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். மேய்ப்பு நாய்கள் முதல் குழு, டெரியர்கள் மூன்றாவது, டாக்ஸ்ஹண்டுக்கு மட்டும் தனியாக நாலாவது, லாப்ரடார் முதலான ரிட்ரீவர்கள் எட்டாவது, மடி நாய்கள் ஒன்பதாவது, கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்கள் பத்தாவது. குழுவில் ஜெயித்தவை மாலையில் ஒன்றாக நிற்கும். அதில் சிறந்தது பெஸ்ட் இன் ஷோ, பிஐஎஸ். புதிதாக வந்தவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உங்கள் வகுப்பு எந்த ரிங்கில், எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால் போதும்.

ரிங்குக்குள்ள நான் என்ன செய்யணும்? எனக்கு ஓட வராதே.

ஓட வேண்டாம், நாய் துள்ளுநடை போடும் வேகத்துக்கு நீங்கள் விரைந்து நடந்தால் போதும். சின்ன நாய்க்கு அதுவும் வேண்டாம். நாய் உங்கள் இடதுபக்கம், நடுவருக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் வராமல் வட்டமாகப் போக வேண்டும். பிறகு தனியாக நேராகப் போய்த் திரும்பச் சொல்வார், அல்லது முக்கோணமாக. என்ன சொன்னார் என்று புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நிற்கும்போது முன்னங்கால்கள் நேராக, பின்னங்கால்கள் சற்றுப் பின்தள்ளி, தலை நிமிர்ந்து. கையால் காலை எடுத்து வைக்கலாம், அல்லது தின்பண்டம் காட்டித் தானாக நிற்கப் பழக்கலாம். இரண்டாவது முறை பார்க்க அழகு, நாயும் உற்சாகமாக இருக்கும். கழுத்துக் கயிறு மெல்லியதாக, தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் தலையும் தோளும் தூக்கிக்கொண்டு நடை கெட்டுவிடும். உங்கள் உடை விஷயத்தில் மூன்று மட்டும்: செருப்புக்குப் பதில் வழுக்காத ஷூ, ஈரல் வைக்கப் பாக்கெட், நாயின் நிறத்திலிருந்து வேறுபட்ட கால்சட்டை அல்லது சுடிதார். கறுப்பு நாய்க்குப் பின்னால் கறுப்பு உடை நின்றால் நடுவருக்கு முதுகுக்கோடே தெரியாது.

வீட்டுல சூப்பரா நிக்குது. ரிங்குக்குள்ள போனதும் வாலை இடுக்கிக்கிச்சு. என்ன செய்யறது?

மைக் சத்தம், கூடாரத் துணி படபடப்பு, நூறு நாய்களின் வாசனை எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. நாட்டு நாய்களில் இது அதிகம், அவை அந்நியர்களை எச்சரிக்கையோடு பார்த்துப் பிழைத்தவை. அதட்டினால் பயம் இரட்டிப்பாகும். அன்றைக்கு ஜெயிப்பதை விட்டுவிடுங்கள். ஒரு சுற்று நடந்து, நடுவர் லேசாகத் தொட்டு, நாய் ஒரு துண்டு ஈரல் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அது நல்ல நாள். "முதல் தடவை, கொஞ்சம் பயப்படுது" என்று நடுவரிடம் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் குனிந்து, கையை முகரவிட்டுத்தான் தொடுவார்கள்.

அடுத்த ஷோவுக்கு முன்னால் பேருந்து நிலையம், சந்தை, கோயில் திருவிழாவின் ஓரம் என்று சத்தமான இடங்களுக்குக் கூட்டிப் போங்கள், கூட்டத்துக்குள் தள்ளாமல் தூரத்திலிருந்து தொடங்கி. ஷோ மைதானத்துக்கும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பல் பார்ப்பதற்குச் சொன்ன அதே பழக்கம்தான் இங்கேயும் உதவும்.

ஹேண்ட்லர் வெச்சாத்தான் ஜெயிக்குமா?

உங்கள் நாயைக் கூலிக்கு ரிங்கில் பிடித்துக் காட்டும் தொழில்முறை ஹேண்ட்லர்கள் திறமையானவர்கள், நாயின் நல்லதை எடுத்துக் காட்டத் தெரிந்தவர்கள். பெரிய நாயை ஓட்ட உடல்நிலை ஒத்துழைக்காதவர்களுக்கும், ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்களுக்கும் அவர்கள் அவசியம். ஆனால் புதியவர் முதல் வருடமாவது தானே பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. நாய் உங்களோடு நடக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிற பார்வை நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காது. பின்னால் ஹேண்ட்லரிடம் கொடுத்தாலும், நாயை அவர் வீட்டில் எப்படி வைத்திருக்கிறார், எத்தனை நாய்களோடு ஏற்றிப்போகிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜூனியர் ஹேண்ட்லிங் பற்றி விசாரியுங்கள். அதில் மதிப்பிடுவது நாயை அல்ல, பிடிக்கிற பிள்ளையின் கைப்பக்குவத்தை.

குளிப்பாட்டி பவுடர் போட்டா போதுமா?

பவுடர் வேண்டவே வேண்டாம். முடியில் எதையும் பூசிக்கொண்டு வருவது விதிகளுக்கு ஒத்துவராது, நடுவர் கையில் ஒட்டும். குட்டை முடி நாய்க்கு இரண்டு நாள் முன் குளியல், நகம் வெட்டு, காது சுத்தம், அன்றைக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. முடிந்தது. பூடில், ஷிட்சு, காக்கர் ஸ்பானியல் போன்றவற்றுக்கு முடியலங்காரம் தனிக் கலை. அந்த இனத்தை வளர்க்கிற மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வெயில்ல நாய் தாங்குமா? டென்ட் போட்டிருப்பாங்களே?

டென்டை நம்பாதீர்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்று ஈரமாக இருக்கும் சென்னை போன்ற ஊர்களில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து பல மடங்கு. சொந்த நிழல்குடை, பேட்டரி மின்விசிறி, வீட்டுத் தண்ணீர், ஈரத்துணி எல்லாம் கொண்டுபோங்கள். ரிங்குக்குப் போகும் நிமிடம்வரை நிழலில் வையுங்கள். கார் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயை உள்ளே வைத்துப் பூட்டுவது ஒருபோதும் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு அடர்சிவப்பாவது, தள்ளாட்டம், வாந்தி தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கனமான ஈரத்துண்டால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஊற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள், மைதானத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் வகுப்பைக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். கோப்பை அடுத்த மாதமும் வரும்.

தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. வேற என்ன பயம்?

பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ, ரேபிஸ் ஊசிகள் முடிந்து, கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். புத்தகத்தைக் கொண்டுபோங்கள். ஊசி எடுத்தும் வரக்கூடியவை இரண்டு. ஒன்று, நாய்கள் கூடுமிடத்தில் பரவும் வறட்டு இருமல். இருமுகிற நாயை வீட்டிலேயே வையுங்கள், அது மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. இன்னொன்று உண்ணி. புல்தரையில் நாள் முழுக்க இருந்த நாய்க்கு எர்லிகியா, பேபிசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் வரலாம், நம் ஊரில் இவை நிறைய. ஷோவுக்கு முன்பே மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்து கொடுங்கள். திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தேடுங்கள். பிறகு வரும் வாரங்களில் சோர்வு, சாப்பிடாமை, மூக்கில் ரத்தம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊட்டி ஷோவுக்கு ரயில்ல கூட்டிட்டுப் போகலாமா?

மேட்டுப்பாளையம் வரை ரயில், பிறகு மலைப்பாதை என்று போகிறவர்கள் உண்டு. ரயிலில் நாய் உங்களோடு வர வேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஒரு கூப்பே அல்லது கேபின் முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது. கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு உண்டு, ஆனால் கோடையில் அதில் அனுப்பும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மலைவளைவுகளில் பல நாய்கள் வாந்தியெடுக்கும். ஏறுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நாயை அனுமதிக்கும் தங்குமிடத்தைச் சீசனுக்கு வெகு முன்பே பேசிவையுங்கள்.

எவ்வளவு செலவாகும்? பரிசுப் பணம் உண்டா?

பணத்துக்காக வருவதென்றால் வராதீர்கள். கிடைப்பது கோப்பை, ரோசெட் என்ற ரிப்பன் பூ, சான்றிதழ். நுழைவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பயணம், தங்கல், நல்ல தீவனம், மருத்துவம் இவைதான் காசைத் தின்னும். வருடத்தில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் நடக்கிற சில ஷோக்களோடு நிறுத்திக்கொண்டால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கைக்கடக்கமான பொழுதுபோக்குதான். ஹேண்ட்லர், வெளிமாநிலப் பயணம் என்று போனால் கணக்கே வேறு. ஒரே வாரக்கடைசியில் வெவ்வேறு நடுவர்களோடு இரண்டு ஷோ நடத்துவதுண்டு, அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே பயணத்தில் இரண்டு வாய்ப்பு.

டாபர்மேனுக்குக் காதும் வாலும் வெட்டலைன்னா ஜெயிக்காதுன்னு சொல்றாங்களே?

பழைய பேச்சு. டாபர்மேனின் இப்போதைய எஃப்சிஐ வரையறை காதும் வாலும் இயற்கையாகவே இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. வெட்டிய குட்டியைத்தான் தருவேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தொங்கும் காதோடு, நீண்ட வாலை உயர்த்திக்கொண்டு ஓடுகிற டாபர்மேனை ஒருமுறை பார்த்தால் வெட்டியது உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

கருத்தடை செஞ்ச நாயைக் காட்டலாமா?

கடுவனுக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும் என்று எஃப்சிஐ வரையறைகள் ஒவ்வொன்றின் முடிவிலும் எழுதியிருக்கிறது. ஷோவின் நோக்கம் வம்சத்துக்கான நாய்களைக் கண்டுபிடிப்பது என்று தொடக்கத்தில் சொன்னேன், இந்த விதி அதிலிருந்து வருவதுதான். கருத்தடை செய்யத் திட்டமிருந்தால் ஷோ ஆசையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்ய வேண்டியிருந்தால் தயங்காமல் செய்துவிடுங்கள்.

ஆளைப் பார்த்துத்தானே சார் பரிசு தர்றாங்க? தெரிஞ்சவங்களுக்குத்தான் கிடைக்குது.

இந்தக் கேள்வியைத் தோற்ற கையோடுதான் கேட்பார்கள், அந்த வலி எனக்குப் புரிகிறது. எங்கேயும்போல இங்கேயும் முகம் பார்க்கிற நடுவர்கள் இருக்கலாம். ஆனால் பரிச்சயமான முகங்கள் திரும்பத் திரும்ப ஜெயிப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது: அவர்கள் நல்ல நாயைத் தேர்ந்தெடுக்கக் கற்றவர்கள், அதை நன்றாகக் காட்டத் தெரிந்தவர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற நடுவருக்கு இங்கே யாரையும் தெரியாது, அவரிடமும் அவர்களே ஜெயிப்பதைப் பார்க்கலாம்.

ரிங்கிலேயே வாக்குவாதம் வேண்டாம். எல்லாம் முடிந்து நடுவர் ஓய்வாக இருக்கும்போது, "என் நாயில் எதை நீங்கள் குறையாகப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். அவர் சொன்னதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடுவர்கள் முன்னங்காலைப் பற்றியே சொன்னால் முன்னங்காலில் விஷயம் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னால் நாய் சுமாராகச் சரியாக இருக்கிறது, காட்டும் முறையில்தான் வேலை.

என் நாய் சாம்பியன் ஆயிடுச்சு. இனி குட்டி போட வைக்கலாம்தானே?

பட்டம் சொல்வது வடிவத்தையும் நடையையும் மட்டும். இடுப்பு மூட்டுக்குள் என்ன இருக்கிறது, இதயம் எப்படி, கண் எப்படி என்று நடுவரின் கைக்குத் தெரியாது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடாருக்கு இடுப்பு எக்ஸ்ரே, டாபர்மேனுக்கு இதயப் பரிசோதனை, ராஜபாளையத்துக்குக் காது என்று அந்தந்த இனத்தின் பலவீனத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜோடி தேட வேண்டும். 2017 விதிகளின்படி குட்டி வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

ஜோடி என்பது சாம்பியனுக்குச் சாம்பியன் சேர்ப்பதல்ல. உங்கள் பெட்டைக்குத் தோள் நிமிர்ந்திருந்தால், தோள் நன்றாகச் சாய்ந்த கடுவன் வேண்டும். அந்தக் கடுவனின் குட்டிகளிலும் அந்தத் தோள் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாட்டு நாய்களில் நல்ல வம்சங்கள் குறைவு என்பதால் நெருங்கிய உறவில் சேர்க்கும் ஆசை வரும். அதைத் தவிர்க்க அடுத்த மாவட்டத்து ஆட்களோடு பேச வேண்டும், அவர்களைச் சந்திக்கிற இடமும் ஷோ மைதானம்தான். பிறக்கப்போகும் ஏழெட்டுக் குட்டிகளுக்கும் நல்ல வீடு கிடைக்குமா, கிடைக்காதவற்றை நீங்களே வைத்துக்கொள்வீர்களா என்பதை மட்டும் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.